பிசினஸ் லேப்டாப்பில் மஞ்சள் முக்கோணம்: பவர் மேனேஜ்மென்ட் டிரைவர், 'அன்நோன் டிவைஸ்' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திங்க்பேட், டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக் போன்ற அலுவலக லேப்டாப்களை இரண்டாம் கையாக வாங்கி, விண்டோஸைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றியவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. அடையாள எண்களையும் கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். திரையில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.

விண்டோஸ் ஏற்றி முடித்ததும் டிவைஸ் மேனேஜரில் 'அன்நோன் டிவைஸ்' என்று மஞ்சள் முக்கோணம் நிற்கிறது. ஏதாவது பழுதா?

பெரும்பாலும் இல்லை. அந்த வரியை இரட்டைச் சொடுக்கு செய்து 'ஜெனரல்' பக்கத்தைப் பாருங்கள். கோடு 28 என்று இருந்தால் டிரைவர், அதாவது அந்தச் சாதனத்தோடு விண்டோஸைப் பேசவைக்கும் மென்பொருள், இன்னும் ஏற்றப்படவில்லை, அவ்வளவுதான். கோடு 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. கோடு 10 என்றால் டிரைவர் இருக்கிறது, சாதனம் கிளம்ப மறுக்கிறது. கோடு 43 வந்தால் சாதனமே கோளாறு என்று கைதூக்கியிருக்கிறது. கடைசி இரண்டு வரும்போதுதான் வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டும். மற்றவை எல்லாம் சரியான கோப்பைத் தேடிப் போடும் வேலை.

வீட்டு உபயோக மாடல்களில் இப்படி ஒன்றிரண்டு வரும். பிசினஸ் மாடலில் நான்கைந்து வந்தாலும் ஆச்சரியமில்லை. கைரேகை வாசிப்பான், ஸ்மார்ட் கார்டு, கீழே விழுவதை உணரும் சென்சார், நிறுவனத்தின் ஐடி பிரிவு தொலைவிலிருந்து கணினியைக் கட்டுப்படுத்தும் வசதி என்று, நம்மில் பலர் ஒருநாளும் தொடாத உறுப்புகள் அவற்றில் நிறைய.

அது என்ன சாதனம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதே பெட்டியில் 'டீடெய்ல்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். 'ப்ராப்பர்ட்டி' என்ற பட்டியலில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் கீழே சில வரிகள் வரும். மேலே இருப்பது மிகக் குறிப்பானது. கீழே போகப்போகப் பொதுவானது. விண்டோஸும் இந்த வரிசையில்தான் டிரைவரைப் பொருத்திப் பார்க்கிறது.

வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிப்பது போலத்தான் இதைப் படிக்க வேண்டும். டிஎன் 59 என்றதும் மதுரை வண்டி என்று தெரிகிறதல்லவா, அதுபோல 'பிசிஐ' என்று தொடங்கும் வரியில் 'விஇஎன்' என்பதற்குப் பின் வரும் நான்கு குறிகள் தயாரிப்பாளரைச் சொல்லும். 8086 என்றால் இன்டெல். 1978-இல் அந்த நிறுவனம் வெளியிட்ட புராசஸரின் எண்ணையே தன் அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறது. 1022 ஏஎம்டி. 10இசி ரியல்டெக். 1180 ரிகோ, பழைய கார்டு ரீடர்களில் இதைப் பார்க்கலாம். 'டிஇவி' என்பதற்குப் பின் வருவது சாதனத்தின் எண்.

'யூஎஸ்பி' என்று தொடங்கினால் 'விஐடி' தயாரிப்பாளர், 'பிஐடி' பொருள். 138ஏ என்றால் வேலிடிட்டி, 06சிபி என்றால் சினாப்டிக்ஸ். பிசினஸ் லேப்டாப்பில் இந்த இரண்டில் ஒன்று மஞ்சள் முக்கோணத்தோடு நின்றால் அநேகமாக அது கைரேகை வாசிப்பான்.

'ஏசிபிஐ' என்று தொடங்குபவைதான் மக்களை அதிகம் குழப்புபவை. அவற்றைத் தனியாகப் பார்ப்போம்.

ஏசிபிஐ என்று தொடங்குபவற்றை மதர்போர்டில் தேடினாலும் எந்தச் சில்லும் தென்படவில்லையே?

தென்படாது. பிசிஐ, யூஎஸ்பி சாதனங்கள் தங்களைத் தாங்களே அறிவித்துக்கொள்ளும். ஏசிபிஐ சாதனங்களை பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடத் தொடங்கும், மதர்போர்டில் பதிந்த மென்பொருள்) ஒரு அட்டவணையில் எழுதிவைத்து விண்டோஸிடம் நீட்டுகிறது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்ட ஏற்பாடு இது. 2013-இலிருந்து யூஇஎஃப்ஐ ஃபோரம் பார்த்துக்கொள்கிறது. பேட்டரி எவ்வளவு இருக்கிறது, மூடியை மூடினால் என்ன செய்வது, எப்போது விசிறி சுற்றுவது என்ற பேச்சுவார்த்தை எல்லாம் இதன் வழியாகத்தான் நடக்கிறது.

லேப்டாப் தயாரிப்பாளர்கள் இந்த அட்டவணையில் தங்கள் சொந்தச் சரக்கையும் சேர்த்துவிடுகிறார்கள். அதற்கான டிரைவர் மைக்ரோசாஃப்டிடம் எப்போதும் இருப்பதில்லை. அப்போதுதான் பெயரில்லாத வரி ஒன்று வந்து நிற்கிறது.

எனக்கு வருவது எல்இஎன்0068. எல்லா டிரைவரும் போட்டுவிட்டேன், இது மட்டும் போகவில்லை.

அதுதான் திங்க்பேடின் பவர் மேனேஜ்மென்ட் சாதனம். மிகப் பழைய மாடல்களில் ஐபிஎம்0068, பிந்தையவற்றில் எல்இஎன்0268. மூன்றுக்கும் வேலை ஒன்றே: கீபோர்டுக்கும் பேட்டரிக்கும் பொறுப்பான உட்பொதி கட்டுப்படுத்தியோடு விண்டோஸ் பேசுவதற்கு ஒரு வாசல். டிரைவர் ஏறியதும் 'சிஸ்டம் டிவைசஸ்' பிரிவில் 'லெனோவோ பிஎம் டிவைஸ்' என்றோ 'திங்க்பேட் பிஎம் டிவைஸ்' என்றோ பெயர் மாறி உட்கார்ந்துவிடும். ஐபிஎம்மின் கணினிப் பிரிவை லெனோவோ வாங்கி முடித்தது 2005 மே மாதம். ஆனாலும் இந்த டிரைவர் கோப்பின் பெயர் 'ஐபிஎம்பிஎம்' என்றே தொடங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு வைரஸ் என்று அழித்துவிடாதீர்கள்.

போட வேண்டியது உங்கள் மாடலுக்கான 'லெனோவோ பவர் மேனேஜ்மென்ட் டிரைவர்'. பலர் 'பவர் மேனேஜர்' என்ற மென்பொருளைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது பழைய மாடல்களுக்கான, அமைப்புகளை மாற்றும் திரை. இந்த டிரைவர் அடியில் இல்லாமல் அதற்கும் பாதி வேலை ஓடாது. பெயர் ஒற்றுமைதான் வில்லங்கம்.

டிரைவரை இறக்கி ஓட்டினேன். முடிந்தது என்கிறது. முக்கோணம் அப்படியே இருக்கிறது.

அந்த நிறுவல் கோப்பு இரண்டு வேலை செய்யக்கூடியது. முதலில் தன்னுள் இருப்பவற்றை சி டிரைவில் 'டிரைவர்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் விரித்துப் போடும். பிறகுதான் நிறுவும். கடைசித் திரையில் 'இப்போது நிறுவு' என்ற சின்னக் கட்டத்தில் டிக் இல்லாமல் 'ஃபினிஷ்' அழுத்தினால், விரித்ததோடு நின்றுவிடும். 'முடிந்தது' என்று சொன்னது அதைத்தான்.

அந்த ஃபோல்டரைத் திறந்து உள்ளே 'செட்டப்' இருந்தால் ஓட்டுங்கள். அதிலும் ஏறவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் அந்த வரியை வலது சொடுக்கு செய்து, 'அப்டேட் டிரைவர்', பிறகு 'என் கணினியில் தேடு', பிறகு அந்த ஃபோல்டர், 'உட்ஃபோல்டர்களையும் சேர்த்து' என்பதில் டிக். எந்த எண்ணுக்கு எந்த டிரைவர் என்று எழுதியிருக்கும் ஐஎன்எஃப் கோப்பை விண்டோஸ் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். டெல் கோப்புகள் 'டெல்' ஃபோல்டருக்குள்ளும், எச்பி கோப்புகள் 'எஸ்டபிள்யூசெட்டப்' ஃபோல்டருக்குள்ளும் விரியும், வழி ஒன்றுதான்.

லேப்டாப் நன்றாகத்தானே ஓடுகிறது. பவர் மேனேஜ்மென்ட் டிரைவர் போடாமல் விட்டால் என்ன?

ஓடும். சார்ஜும் ஏறும். அடிப்படை பேட்டரி வேலையை மைக்ரோசாஃப்டின் 'கண்ட்ரோல் மெத்தட் பேட்டரி' டிரைவரே பார்த்துக்கொள்கிறது. ஆனால் மூன்று இடங்களில் இடிக்கும்.

லெனோவோவின் ஹாட்கீ மென்பொருளுக்கு முதலில் இந்த டிரைவர் வேண்டும். சில சிறப்பு விசைகள் உயிரில்லாமல் இருப்பதற்கும், திரையில் ஒலி, மைக் அடையாளம் வராததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அடுத்தது, லெனோவோ வான்டேஜ் மென்பொருளில் 'பவர்' பக்கம் காலியாக இருக்கும் அல்லது வரவே வராது.

மூன்றாவதுதான் முக்கியம்: சார்ஜ் வரம்பு. நாள் முழுக்க மேஜையில் சார்ஜரோடு கிடக்கும் லேப்டாப்பின் லித்தியம் பேட்டரியை எப்போதும் 100 சதவீதத்தில் வைத்திருப்பது அதற்கு நல்லதல்ல. அதிலும் சூடான அறையில். 75-க்குக் கீழே போனால் சார்ஜ் தொடங்கு, 80 வந்ததும் நிறுத்து என்று திங்க்பேடுக்குச் சொல்லலாம். இரண்டு எண்களையும் தனித்தனியாக வைக்க முடிவது திங்க்பேடின் பழைய பெருமைகளில் ஒன்று. இந்த ஒரு வசதிக்காகவே டிரைவரைத் தேடிப் போடச் சொல்வேன்.

'பிளக்டு இன், நாட் சார்ஜிங்' என்று காட்டுகிறது. இதுவும் டிரைவர் பிரச்சினையா?

சில நேரம்தான். எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

எப்போதும் 80-இலோ 60-இலோ சரியாக நின்றால், பழைய உரிமையாளர் வைத்துவிட்டுப் போன சார்ஜ் வரம்பு அது. திங்க்பேடில் இந்த எண் விண்டோஸில் இல்லை, உட்பொதி கட்டுப்படுத்தியில் இருக்கிறது. டிஸ்க்கைத் துடைத்தாலும், எஸ்எஸ்டியையே மாற்றினாலும் அது அழியாமல் இருந்துவிடக்கூடும். பவர் மேனேஜ்மென்ட் டிரைவரைப் போட்டு, வான்டேஜில் வரம்பை நீக்கினால் 100 வரை ஏறும். நல்ல பேட்டரியை 'செத்துவிட்டது' என்று தூக்கிப்போட்டுப் புதிது வாங்கியவர்கள் உண்டு.

டெல்லிலும் எச்பியிலும் இதே அமைப்பு பயாஸுக்குள் இருக்கிறது, டிரைவரே வேண்டியதில்லை. டெல்லில் 'பேட்டரி சார்ஜ் கான்ஃபிகரேஷன்' பகுதியில் 'பிரைமரிலி ஏசி', 'கஸ்டம்' போன்ற தேர்வுகள் இருக்கும். எச்பியில் 'பேட்டரி ஹெல்த் மேனேஜர்'; அதில் 'மேக்சிமைஸ் மை பேட்டரி ஹெல்த்' தேர்வாகியிருந்தால் 80-ஐத் தாண்டாது.

எந்தச் சதவீதத்திலும் ஏறவே இல்லை, லேப்டாப்பும் டெல், சார்ஜரும் உருளை முனை கொண்டது என்றால், அந்த முனையின் நடுவே இருக்கும் மெல்லிய ஊசியைப் பாருங்கள். அது மின்சாரம் கடத்துவதற்கு இல்லை. சார்ஜருக்குள் இருக்கும் ஒரு சில்லு, 'நான் 65 வாட்' அல்லது '90 வாட்' என்று அதன் வழியாக லேப்டாப்புக்குச் சொல்கிறது. ஊசி வளைந்தாலோ, வயர் உள்ளே அறுந்தாலோ, மலிவான போலிச் சார்ஜரில் சில்லு இல்லாவிட்டாலோ அந்தத் தகவல் வராது. அப்போது லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது, புராசஸரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'கணினி ரொம்ப மெதுவாகிவிட்டது' என்று ரேம் போட வருபவர்களில் சிலருக்குத் தேவை ஒரு நல்ல சார்ஜர்தான். பயாஸில் ஏசி அடாப்டர் வகை என்ன காட்டுகிறது என்று பார்த்தால் விஷயம் வெளிப்பட்டுவிடும்.

வரம்பும் இல்லை, சார்ஜரும் நல்லது என்றால் மட்டும் டிவைஸ் மேனேஜரில் 'பேட்டரீஸ்' பிரிவில் 'கண்ட்ரோல் மெத்தட் பேட்டரி'யை அன்இன்ஸ்டால் செய்து, கணினியை அணைத்துப் போடுங்கள். விண்டோஸ் தானே அதைத் திரும்ப ஏற்றிக்கொள்ளும். எல்லோரும் முதலில் சொல்லும் வைத்தியம் இது. நான் கடைசியில் வைக்கிறேன், ஏனென்றால் பெரும்பாலும் இது எதையும் தீர்ப்பதில்லை.

டெல், எச்பி லேப்டாப்களில் அடிக்கடி வரும் மர்ம எண்கள் எவை?

டெல்லில் எஸ்எம்ஓ8800, எஸ்எம்ஓ8810. எஸ்டிமைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் தயாரித்த, விழுவதை உணரும் சென்சார். எச்பியில் அதே வேலைக்கு எச்பிக்யூ0004, 6000, 6007. டிரைவரின் பெயர் 'த்ரீடி டிரைவ்கார்டு'. லேப்டாப் கையிலிருந்து நழுவியதும், தரையைத் தொடும் முன்பே ஹார்டுடிஸ்க்கின் முள்ளை ஓரமாக ஒதுக்கி வைப்பது இதன் வேலை. ஐபிஎம் 2003-இலேயே திங்க்பேடில் இதைக் கொண்டுவந்துவிட்டது. அருமையான யோசனை, சுழலும் தட்டு இருக்கும்வரை. நீங்கள் எஸ்எஸ்டி போட்டிருந்தால் காப்பாற்ற அங்கே முள்ளும் இல்லை, தட்டும் இல்லை. முக்கோணம் கண்ணை உறுத்தினால் டிரைவரைப் போடுங்கள்; இல்லையென்றால் வலது சொடுக்கு செய்து 'டிசேபிள்' கொடுத்துவிடலாம்.

எச்பிக்யூ6001 அப்படியல்ல. அது வைஃபையை நிறுத்தவும் இயக்கவும் உள்ள பொத்தான். அந்தப் பொத்தான் வேலை செய்ய வேண்டுமானால் 'எச்பி ஒயர்லெஸ் பட்டன்' டிரைவர் வேண்டும்.

இன்டெல் தரப்பில் ஐஎன்டி33ஏ0 வந்தால் 'ஸ்மார்ட் கனெக்ட்'. தூங்கும்போதும் மின்னஞ்சலை இறக்கிவைக்கும் என்று விளம்பரப்படுத்தப்பட்டு, பிறகு இன்டெல்லே கைவிட்டது. பயாஸில் அதை அணைத்தால் வரியே மறைந்துவிடும். ஐஎன்டி3400-ம் அதையொட்டி வரும் ஐஎன்டி3403-ம் வெப்ப மேலாண்மையைச் சேர்ந்தவை. இவற்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். மெல்லிய லேப்டாப்பில் சூடும் வேகமும் இவற்றைப் பொறுத்தது.

எம்எஸ்எஃப்டி0101 என்பது டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் அதைத் தெரியும். விண்டோஸ் 7-இல்தான் பெயரில்லாமல் நிற்கும்.

'பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கண்ட்ரோலர்' என்றும் 'பிசிஐ சீரியல் போர்ட்' என்றும் வருகிறதே. என் லேப்டாப்பில் மோடமும் இல்லை, சீரியல் போர்ட்டும் இல்லை.

இரண்டும், விண்டோஸைச் சாராமல் தனியாக ஓடும் இன்டெல்லின் சிறு கட்டுப்படுத்தியான மேனேஜ்மென்ட் என்ஜினைச் சேர்ந்தவை. முதலாவது அதனோடு பேசும் வாசல். இரண்டாவது, நிறுவனத்தின் ஐடி ஊழியர் தன் இடத்தில் உட்கார்ந்தபடியே உங்கள் கணினித் திரையைப் பார்க்க உதவும் 'ஆக்டிவ் மேனேஜ்மென்ட் டெக்னாலஜி' (சுருக்கமாக ஏஎம்டி) வசதியின் மாய சீரியல் போர்ட். புராசஸர் நிறுவனமான ஏஎம்டிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 'மேனேஜ்மென்ட் என்ஜின்' டிரைவரின் முழுத் தொகுப்பைப் போட்டால் இரண்டும் ஒன்றாகத் தீரும்.

சிப்செட் டிரைவரின் தேதி 1968 என்று காட்டுகிறது. அந்தக் காலத்தில் லேப்டாப்பே இல்லையே?

1968 ஜூலை 18, இன்டெல் தொடங்கப்பட்ட நாள். வேண்டுமென்றே போட்ட தேதி அது. ஒரே சாதனத்துக்குச் சமமாகப் பொருந்தும் இரண்டு டிரைவர்கள் இருந்தால் விண்டோஸ் தேதியைப் பார்த்துப் புதியதைத் தேர்ந்தெடுக்கும். இன்டெல்லின் சிப்செட் (புராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சில்லுகள்) கோப்புகள் பெரும்பாலும் சாதனத்துக்குப் பெயர் சூட்டுவதோடு சரி. உண்மையில் வேலை செய்யும் வேறொரு டிரைவரை அவை தள்ளிவிடக் கூடாது. அதனால் யாரோடும் போட்டியிட முடியாத பழைய தேதி. மைக்ரோசாஃப்டின் உள்ளமைந்த டிரைவர்கள் 2006 ஜூன் 21 என்று காட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான். தேதியைப் பார்த்து 'பழசாகிவிட்டது' என்று சொல்லும் மென்பொருள்களை நம்பாதீர்கள்.

எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் போட்டுத் தரும் மென்பொருள்கள் இருக்கின்றனவே?

வேண்டாம். 'கிட்டத்தட்டப் பொருந்தும்' டிரைவரைப் போட்டு மஞ்சள் முக்கோணத்தை மறைப்பது அவற்றுக்குச் சுலபம். வெப்ப மேலாண்மையிலும் பவர் மேனேஜ்மென்டிலும் கிட்டத்தட்டப் பொருந்துவது ஆபத்து. கூடவே வந்து இறங்கும் விளம்பர மென்பொருள்கள் தனிக் கதை.

விண்டோஸ் அப்டேட்டில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', பிறகு 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' போய்ப் பாருங்கள். 'டிரைவர் அப்டேட்ஸ்' என்று ஒரு பட்டியல் அமைதியாகக் காத்துக்கொண்டிருக்கும். பல முக்கோணங்கள் அங்கேயே தீர்ந்துவிடும். மீதிக்குத் தயாரிப்பாளரின் தளம். லெனோவோவில் அடிப்பக்க லேபிளில் உள்ள இயந்திர வகை எண், டெல்லில் ஏழு எழுத்து சர்வீஸ் டேக், எச்பியில் தயாரிப்பு எண். இவற்றைக் கொடுத்துத் தேடுங்கள். மாடல் பெயரை மட்டும் கொடுத்தால் ஒரே பெயரில் இரண்டு தலைமுறைகள் வந்து நிற்கும்.

வைஃபை டிரைவரே இல்லாமல் இணையத்துக்கு எப்படிப் போவது என்கிறீர்களா? ஆண்ட்ராய்டு ஃபோனை வயரில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். அதற்கு விண்டோஸில் டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது.

எதை முதலில் போடுவது?

முடிந்தால் பயாஸ் அப்டேட், சிப்செட், மேனேஜ்மென்ட் என்ஜின், பவர் மேனேஜ்மென்ட், அதன் பிறகு ஹாட்கீ. மற்றவை எப்படி வந்தாலும் பரவாயில்லை. பயாஸ் அப்டேட்டின்போது சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும், பேட்டரியிலும் ஓரளவு இருக்க வேண்டும். மின்வெட்டு நேரத்தில் அதைத் தொடவே கூடாது.

மூடியை மூடிப் பையில் வைத்தேன். எடுக்கும்போது அடுப்பாகக் கொதிக்கிறது, பேட்டரியும் காலி. டிரைவர் போட்டால் சரியாகுமா?

எல்லா டிரைவரும் சரியாக இருந்தும் இது நடக்கும். கமாண்ட் பிராம்ப்டில் 'பவர்சிஎஃப்ஜி /ஏ' என்று அடித்துப் பாருங்கள். எஸ்3 இருக்கிறது என்று வந்தால் பழைய பாணித் தூக்கம்: ரேமுக்கு மட்டும் மின்சாரம், மற்றதெல்லாம் அணைந்திருக்கும். 'எஸ்0 லோ பவர் ஐடில்' என்று வந்தால் அது மாடர்ன் ஸ்டாண்ட்பை. ஃபோன் போலப் பாதி விழித்துக்கொண்டே கிடக்கும். ஏதாவது ஒரு நிரலோ டிரைவரோ தூங்க விடாமல் செய்தால் பைக்குள்ளேயே வேலை நடக்கும். யார் விழித்திருந்தார்கள் என்பதை 'பவர்சிஎஃப்ஜி /ஸ்லீப்ஸ்டடி' அறிக்கையாகவே எழுதித் தரும்.

2018-இல் வந்த எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறையில் எஸ்3 இல்லாமல் போனதும் லினக்ஸ் பயனர்கள் கூச்சல் போட்டார்கள். லெனோவோ பிறகு பயாஸ் அப்டேட்டில் 'ஸ்லீப் ஸ்டேட்' என்று ஒரு தேர்வைச் சேர்த்தது: 'விண்டோஸ்' அல்லது 'லினக்ஸ்'. 'லினக்ஸ்' என்பதுதான் எஸ்3. எல்லா மாடலிலும் இந்தத் தேர்வு கிடையாது. இல்லாதவர்கள் மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி, அதாவது திறந்திருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும்படி, அமைத்துக்கொள்ளுங்கள். திறக்கும்போது சில விநாடி கூடுதலாகும். அது எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை.

லினக்ஸ் போட்டால் இந்தத் தலைவலியே இல்லையாமே?

திங்க்பேடைப் பொறுத்தவரை பெரிதும் உண்மை. எல்இஎன்0068, 0268 எல்லாவற்றையும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் உள்ள 'திங்க்பேட் ஏசிபிஐ' தொகுதியே அடையாளம் காணும். சார்ஜ் வரம்பும் 2018-இல் வந்த 4.17 கெர்னலிலிருந்து நேரடியாகக் கிடைக்கிறது. 'டிஎல்பி' என்ற நிரலில் இரண்டு எண்களை எழுதினால் போதும். கைரேகை வாசிப்பான்தான் அங்கே தகராறு பிடித்தது.

விண்டோஸ் 7-க்கான டிரைவரை 11-இல் போடலாமா?

64 பிட் டிரைவராக இருந்து, ஐஎன்எஃப் கோப்பில் உங்கள் எண்ணும் இருந்தால் சில நேரம் ஏறும். ஆனால் உங்கள் மாடலுக்கு விண்டோஸ் 10 டிரைவர் இருந்தால் அதையே போடுங்கள். பெரும்பாலும் 11-இலும் சரியாக ஓடும்.

இன்னும் ஃபார்மட் செய்யவில்லை. இந்த அலைச்சல் இல்லாமல் தப்பிக்க வழி உண்டா?

உண்டு. எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே சி டிரைவில் 'பேக்கப்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'பிஎன்பியூடில் /எக்ஸ்போர்ட்-டிரைவர்' என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு நட்சத்திரக் குறி, இன்னொரு இடைவெளி விட்டு அந்த ஃபோல்டரின் பாதை. விண்டோஸோடு வந்தவற்றைத் தவிர்த்து, வெளியிலிருந்து ஏற்றிய டிரைவர்கள் அனைத்தும் ஐஎன்எஃப் கோப்புகளோடு அங்கே வந்து சேரும். அதை பென்டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். புதிய விண்டோஸ் ஏறிய பிறகு ஒவ்வொரு மஞ்சள் முக்கோணத்துக்கும் 'அப்டேட் டிரைவர்' கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். எண்ணைத் தேடவும் வேண்டாம், இணையமும் வேண்டாம்.